பெட்டிக்குள் பாதி விளையாட்டு

சிங்கப்பூரின் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையை 2017 ஜூலையில் ஒரேயடியாக மூடிவிட்டார்கள். அதற்குச் சில மாதம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கமாக நடந்தபோது, தரையில் விரித்த கித்தான் மேல், நின்றுபோன கைக்கடிகாரங்களுக்கும் ரிமோட் கண்ட்ரோல் குவியலுக்கும் நடுவில் ஓர் அட்டைப்பெட்டி கண்ணில் பட்டது. பெட்டியின் முகப்பில் தாடி வைத்த கிழவர் ஒருவர், தலையில் தொப்பியோடு நாற்காலியில் உட்கார்ந்து பான்ஜோ வாசிக்கிறார். அவருக்குப் பின்னால் வானத்தில் ஒரு விண்கலம் போகிறது. கிழவர் அதைக் கண்டுகொண்ட மாதிரியே இல்லை.

தொலைக்காட்சியில் மாட்டி ஆடுகிற சூப்பர் நின்டெண்டோ எந்திரத்துக்கான ஒரு விளையாட்டின் பெட்டி அது. விலை கேட்டேன். கடை விரித்திருந்த சீனத் தாத்தா பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து ஆட்டிக் காட்டி, "கோசோங், கோசோங்" என்றார். உள்ளே கேசட்டும் இல்லை, கையேடும் இல்லை, ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. மூன்று வெள்ளி. கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் மனைவி மீனை வாங்கி வைத்துவிட்டு, "உள்ள இருக்கிறத விட்டுட்டு வெறும் டப்பாவையா காசு கொடுத்து வாங்கிட்டு வந்தீங்க?" என்றாள். அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. இது கொஞ்சம் தாமதமான, கொஞ்சம் நீளமான பதில்.

அந்தப் பெட்டி ஃபேலங்க்ஸ் என்ற விளையாட்டினுடையது. ஜப்பானில் ஜூம் என்ற நிறுவனம் 1991இல் ஷார்ப் கணினிக்காகச் செய்து, 1992இல் சூப்பர் நின்டெண்டோவுக்குக் கொண்டுவந்தது. விண்கலத்தை ஓட்டிக்கொண்டு எதிரில் வருவதையெல்லாம் சுட வேண்டும், அவ்வளவுதான். கிழவரும் கிடையாது, பான்ஜோவும் கிடையாது. அமெரிக்கப் பெட்டிக்குப் படம் யோசித்தவர்கள் காரணத்தைப் பிற்பாடு சொன்னார்கள்: கடை அலமாரி முழுக்க விண்கலப் பெட்டிகளாகவே இருக்கும்போது இன்னொரு விண்கலத்தை வைத்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? கிழவரை உட்கார வைத்தால் 'இது என்னடா' என்று கையிலாவது எடுப்பார்கள். விளையாட்டு ஒன்றும் மோசமில்லை, ஆனால் அந்தக் காலத்தில் அப்படிப்பட்டவை வரிசைகட்டி வந்துகொண்டிருந்தன. இன்றைக்கும் அதன் பெயரை யாராவது சொல்கிறார்கள் என்றால் அந்தக் கிழவர் புண்ணியத்தில்தான்.

இப்போது ஒரு விளையாட்டு வருவதற்கு ஆறு மாதம் முன்பே அதை மற்றவர்கள் ஆடுவதைக் கைப்பேசியில் பார்த்துச் சலித்துவிடுகிறோம். அப்போது கடைக்குள் நுழைந்தால் பெட்டியைத் தவிர வேறு துப்பே கிடையாது. முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் நாலு வரி, தபால்தலை அளவில் இரண்டு மூன்று திரைப் படங்கள். அதை வைத்துத்தான் அப்பாவிடம் காசு கேட்க வேண்டும்.

அந்தப் படம் பெரும்பாலும் பொய்தான், அதுவும் கூசாத பொய். 1977இல் வந்த அட்டாரி 2600 என்ற விளையாட்டு எந்திரத்தில் இருந்த நினைவகம் 128 பைட். இந்தப் பத்தியைக்கூட அதற்குள் வைக்க முடியாது. அதனால் திரையில் வந்ததெல்லாம் கட்டமும் கோடும்தான். பெட்டியிலோ, க்ளிஃப் ஸ்போன் மாதிரி ஓவியர்கள் பீரங்கி வண்டியும் போர் விமானமும் புகையுமாகத் தீட்டித் தள்ளியிருப்பார்கள். 1980இல் வந்த அட்வென்ச்சர் என்ற விளையாட்டின் பெட்டியில் கோட்டையும் டிராகனும் இருக்கும். போட்டுப் பார்த்தால் வீரன் ஒரு சதுரம். உருவகமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே ஒரு சிறிய சதுரம். டிராகனைப் பார்த்தால் வாத்து. இதை ஏமாற்று என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விளையாடிய பிள்ளைக்கு அந்தச் சதுரம் சதுரமாகத் தெரியவில்லை. ஆயுதபூஜையன்று மஞ்சளைப் பிடித்துவைத்து இது பிள்ளையார் என்று சொன்னால் நாம் கும்பிடுவதில்லையா, கிட்டத்தட்ட அந்த மாதிரிதான். திரை கொடுத்தது பாதி, மீதியைப் பெட்டிப் படம் கொடுத்தது.

1983 வாக்கில் அமெரிக்காவில் இந்தத் தொழிலே படுத்துவிட்டது. காரணம் பல, குப்பை விளையாட்டுகள் அழகான பெட்டிகளில் குவிந்ததும் அதில் ஒன்று. அதனால்தான் 1985இல் நின்டெண்டோ அங்கே போனபோது நேர் எதிராகச் செய்தது. கறுப்புப் பெட்டி, அதன் மேல் திரையில் வருகிற அதே புள்ளிச் சித்திரம், பெரிதாக்கி. உள்ளே என்ன இருக்கிறதோ அதுதான் வெளியேயும் என்று சொல்கிற பெட்டி. எனக்கு அந்த நாணயம் பிடிக்கும், ஆனால் அந்தப் பெட்டிகளைப் பார்த்து ஒருநாளும் கனவு வந்ததில்லை. இன்னொரு கோடியில் கேப்காம் நிறுவனத்தின் மெகா மேன் விளையாட்டு. 1987இல் ஜப்பானில் வந்தபோது நீல நிறத்தில் துறுதுறுவென்று ஒரு குட்டிப் பையன். அமெரிக்கப் பெட்டியில் அவன் நடுத்தர வயது ஆளாக, மஞ்சளும் நீலமுமான உடுப்பில், விளையாட்டில் இல்லாத துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, இடுப்பு பிடித்துக்கொண்டவர் போல நிற்கிறான். ஒரே நாளில் வரைந்து தரச் சொன்னார்களாம். பார்த்தால் தெரிகிறது. இருபத்தைந்து ஆண்டு கழித்து, 2012இல், அதே நிறுவனம் அந்தத் தொப்பைக்காரரையே இன்னொரு விளையாட்டில் ஆடக்கூடிய ஆளாகச் சேர்த்தது. தன் அசட்டுத்தனத்தைத் தானே ரசிக்கத் தெரிந்த நிறுவனம் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

சரி, படத்தை விடுவோம். பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் சுவாரசியம். அமெரிக்காவின் இன்ஃபோகாம் நிறுவனம் படமே இல்லாமல் வெறும் எழுத்தால் ஆன விளையாட்டுகளைச் செய்துகொண்டிருந்தது. 1982இல் டெட்லைன் என்று ஒரு கொலைக் கதை. துப்பறிய வேண்டிய விவரம் அத்தனையும் அன்றைய வட்டில் கொள்ளவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? கொள்ளாததைத் தாளில் அச்சடித்துப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். சாட்சிகளின் வாக்குமூலம், ஆய்வக அறிக்கை, கொலை நடந்த அறையின் புகைப்படம், பிணத்தருகே கிடந்ததாகச் சொல்லி ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் மாத்திரைகள். வட்டில் இடம் போதாமல் பிறந்த யோசனை, அப்புறம் அதுவே அவர்களுடைய அடையாளம் ஆகிவிட்டது. அதே ஆண்டு வந்த ஸ்டார்கிராஸ் பறக்கும் தட்டு வடிவப் பெட்டியில் வந்தது. கடைக்காரர்கள் அதை எந்த அலமாரியில் எப்படி நிறுத்துவது என்று தலையைச் சொறிந்திருப்பார்கள். 1984இல் தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு த கேலக்ஸி கதையை வைத்துச் செய்த விளையாட்டில், ஆபத்து வந்தால் கண்ணை மறைக்கும் கண்ணாடி என்று கறுப்பு அட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடி இருந்தது, போட்டால் எப்போதுமே ஒன்றும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய விண்கலப் படை என்று சொல்லி ஒரு காலி பிளாஸ்டிக் பையும் கொடுத்தார்கள். காலிப் பையைக் காசுக்கு விற்றவர்கள் இருக்கும்போது காலிப் பெட்டி வாங்கியவனைக் கேலி செய்வது நியாயமா?

இந்தச் சாமான்களுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வட்டைப் பிரதி எடுப்பது சுலபம், மாத்திரை உறையைப் பிரதி எடுக்க முடியாது. திருட்டுப் பிரதி வாங்கியவன் நடுவழியில் மாட்டிக்கொள்வான். இதன் உச்சம் ஸ்டார்டிராபிக்ஸ். 1990இல் நின்டெண்டோ அமெரிக்கர்களுக்கென்றே செய்தது. ஜப்பானில் வரவே இல்லை. பெட்டிக்குள் மாமா எழுதியதாக ஒரு கடிதம் இருக்கும். விளையாட்டின் நடுவில், அந்தக் கடிதத்தைத் தண்ணீரில் நனை என்று தகவல் வரும். திரையில் இருக்கிற கடிதத்தை இல்லை, உங்கள் கையில் இருக்கிற கடிதத்தை. எழுந்து போய் நனைத்தால் 747 என்ற எண் தெரியும். கடிதத்தைத் தொலைத்தவன் கதி அதோகதி.

இதெல்லாம் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வளர்ந்தவர்கள் கதை. எங்கள் புளோக்கில் கதை வேறு. எங்கள் வீட்டுக்கு வந்தது தைவானில் செய்த மைக்ரோ ஜீனியஸ், அதாவது நின்டெண்டோவின் ஃபேமிகாம் எந்திரத்தைப் பார்த்து அப்படியே செய்த இன்னொன்று. விளையாட்டுகள் '64 இன் 1' என்று ஒரே கேசட்டில் வந்தன. பெட்டி என்ற பேச்சே இல்லை. கடைக்காரர் சிவப்பு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுப்பார். கேசட்டின் மேல் ஒட்டிய படத்துக்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தம் இருக்காது. பட்டியலில் பெயர்கள் தப்பும் தவறுமாக இருக்கும், பாதி விளையாட்டு வேறு பெயரில் திரும்ப வரும், கையேடும் கிடையாது. அதனால் நாங்களே பெயர் வைத்தோம். இரண்டு பென்குயின்கள், நீங்கள் ஒன்றை வலப்பக்கம் நகர்த்தினால் மற்றது கண்ணாடியில் தெரிவது போல இடப்பக்கம் போகும். இரண்டையும் மேலே இருக்கும் இதயத்துக்குக் கொண்டுசேர்க்க வேண்டும், நடுவில் சிலந்தி. எங்களுக்கு அது 'பென்குயின் கல்யாணம்'. அதன் நிஜப் பெயர் பைனரி லேண்ட், 1985இல் ஹட்சன் நிறுவனம் ஃபேமிகாமுக்குக் கொண்டுவந்தது என்பதெல்லாம் எனக்குத் தாடி நரைக்கத் தொடங்கிய பிறகுதான் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பெட்டி இல்லாததால் எது புகழ்பெற்றது, எது யாரும் சீண்டாதது என்ற வித்தியாசமே எங்களுக்குத் தெரியவில்லை. மாரியோவும் பென்குயின் கல்யாணமும் ஒரே வரிசையில் இருந்தன. இன்றைக்கு யாருக்கும் தெரியாத விளையாட்டு என்று தேடித் தேடிச் சேகரிப்பவர்களைப் பார்க்கும்போது, நாங்கள் எல்லா விளையாட்டையுமே யாருக்கும் தெரியாத விளையாட்டாகத்தான் ஆடினோம் என்று தோன்றும். என்ன கதை, எதற்காக ஓடுகிறோம், யாரைக் காப்பாற்றுகிறோம், எதுவும் தெரியாது. எதிர்வீட்டு மலாய் அண்ணன் ஒரு கதை சொல்வார், என் அக்கா ஒரு கதை சொல்வாள். அவர்கள் இரண்டு பேர் சொன்ன கதைகளும் நிஜக் கதையைவிட நன்றாக இருந்தன.

ஆனால் கிறுக்குத்தனத்தின் முழு ருசி அசல் எந்திரத்தோடு ஆடினால்தான் கிடைக்கும் என்பதற்கு டகேஷி நோ சோசென்ஜோ என்ற விளையாட்டைச் சொல்ல வேண்டும். 1986 டிசம்பரில் டைட்டோ வெளியிட்டது. ஜப்பானின் நகைச்சுவை நடிகர் டகேஷி கிட்டானோ தாமே உட்கார்ந்து யோசனை சொல்லிச் செய்தது, ஆடுகிறவனைப் படுத்துவதே நோக்கம். அதில் ஒரு புதையல் வரைபடம் கிடைக்கும்; அது தெரிய வேண்டுமானால் ஒரு மணி நேரம் எதையும் தொடாமல் சும்மா இருக்கலாம். ஒரு கட்டத்தில் ஃபேமிகாமின் இரண்டாவது கைப்பிடியில் இருக்கும் மைக்கில் நிஜமாகவே பாட வேண்டும். எங்கள் வீட்டு எந்திரத்தின் கைப்பிடியில் மைக்கே கிடையாது, அதனால் கேசட் கிடைத்திருந்தாலும் நாங்கள் அந்த இடத்திலேயே நின்றிருப்போம். எல்லாம் முடிந்து இறுதித் திரையில் சில நிமிடம் காத்திருந்தால் டகேஷி வந்து, இந்த மாதிரி விளையாட்டை இவ்வளவு மும்முரமாக ஆடி என்ன செய்யப்போகிறாய் என்று கேட்பார். விளையாட்டாகப் பார்த்தால் படு மோசம், ஆனால் முப்பது தடவை யோசித்திருக்கிறேன் அதைப் பற்றி. ஒழுங்காகச் செய்த எத்தனையோ விளையாட்டுகளைப் பற்றி ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

பிளேஸ்டேஷன் வந்த பிறகும் எங்களுக்குப் பெட்டி வரவில்லை. அசல் வட்டின் உள்விளிம்பில் தடத்தை வேண்டுமென்றே ஒரு சீராக நெளியவைத்திருப்பார்கள். அந்த நெளிவுக்குள் நான்கு எழுத்து ஒளிந்திருக்கும், ஜப்பானுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று. வீட்டில் சிடி எழுதும் கருவியால் அந்த நெளிவைப் போட முடியாது. வட்டின் அடிப்பக்கம் கறுப்பாக இருந்ததுதான் பாதுகாப்பு என்று நாங்கள் நம்பினோம். அது வெறும் நிறம். கடைகளில் ஒரு சின்ன சில்லை உள்ளே பற்றவைத்துக் கொடுப்பார்கள், அது அந்த நான்கு எழுத்தை எந்திரத்தின் காதில் ஓதிக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான், ஜெராக்ஸ் அட்டையோடு பிளாஸ்டிக் உறையில் வந்த எந்த வட்டும் ஓடும்.

அதற்குத் தண்டனை 1998இல் கிடைத்தது. மெட்டல் கியர் சாலிட் ஆடிக்கொண்டிருக்கிறேன். ஒரு பெண்ணை வானொலியில் அழைக்க வேண்டும், அலைவரிசை எண் சிடி பெட்டியின் பின்பக்கத்தில் இருக்கிறது என்கிறார்கள். கொஞ்ச நேரம் முன்னால்தான் விளையாட்டுக்குள் ஒருவர் ஒரு வட்டைக் கையில் கொடுத்திருக்கிறார், ஆகவே அதைச் சொல்கிறார்கள் என்று நினைத்து அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர்கள் சொன்னது கடையில் வாங்கிய நிஜப் பெட்டியை. பின்னட்டையில் ஒரு சின்னத் திரைப் படத்தில் 140.15 என்று தெரியும். என்னிடம் இருந்த பின்னட்டை மங்கலான ஜெராக்ஸ். அந்த இடத்தில் ஒரு சாம்பல் கறைதான் இருந்தது. கடைசியில் 140.00 தொடங்கி ஒவ்வொன்றாகத் திருகித்தான் பிடித்தேன். பெட்டியும் விளையாட்டில் சேர்த்தி என்று மண்டையில் உறைத்தது அன்றைக்குத்தான்.

அதே எந்திரத்தில் ஓடிய இன்னொரு கிறுக்கு, விப்-ரிப்பன். 1999 டிசம்பரில் ஜப்பானில் வந்தது. கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு, அதன் மேல் கோட்டாலேயே ஆன ஒரு முயல் பெண் நடந்து வருவாள். பாட்டுக்கு ஏற்றபடி கோட்டில் பள்ளமும் வளையமும் மேடும் வரும், சரியான பொத்தானை அழுத்தித் தாண்டவைக்க வேண்டும். படம் அவ்வளவு சிக்கனமாக இருந்ததற்குக் காரணம் உண்டு: முழு விளையாட்டும் எந்திரத்தின் நினைவகத்துக்குள் அடங்கிவிடும், அதனால் வட்டை வெளியே எடுத்துவிட்டு நம்மிடம் இருக்கும் எந்தப் பாட்டு சிடியையும் போடலாம். அந்தப் பாட்டிலிருந்தே தடத்தை அது உருவாக்கும். சிராங்கூன் ரோட்டில் அப்பா வாங்கிவைத்திருந்த தமிழ்ப் பாட்டு சிடி ஒன்றைப் போட்டேன். மெல்லிசை வரைக்கும் முயல் ஒய்யாரமாக நடந்தது. இடையில் தவிலும் நாதஸ்வரமும் ஒன்றாக இறங்கியதும் பள்ளமும் வளையமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து, முயல் தவளையானது, தவளை புழுவானது, அடுத்த பல்லவிக்குள் ஆட்டம் முடிந்தது. அப்பா பின்னால் நின்று, "அந்தச் சிடியக் கீறிடாதடா" என்றார்.

பெட்டிப் பேச்சில் நம் ஊருக்கும் ஒரு மூலை உண்டு, பலர் கவனிக்காதது. 1990களின் கணினி விளையாட்டுப் பெட்டிகளைத் திருப்பிப் பாருங்கள், அமெரிக்காவில் செய்ததோ இங்கிலாந்தில் செய்ததோ, தேவைப் பட்டியலில் சவுண்ட் பிளாஸ்டர் என்று, கணினிக்கு ஒலி கொடுக்கும் அட்டையின் பெயர் இருக்கும். அது 1981இல் சிங்கப்பூரில் பேர்ல்ஸ் சென்டரில் ஒரு சின்னக் கடையாகத் தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜியின் சரக்கு. அதை நிறுவிய சிம் வோங் ஹூ முதலில் செய்த இசை அட்டை பெரிதாகப் போகவில்லை, அதையே கேம் பிளாஸ்டர் என்று பெயர் மாற்றி விற்றார், 1989இல் சவுண்ட் பிளாஸ்டர். ஏற்கெனவே சந்தையில் இருந்த அட்லிப் அட்டைக்காக எழுதிய இசை இதிலும் ஓடும், பதிவுசெய்த குரலும் கேட்கும், ஜாய்ஸ்டிக் செருகவும் இடம் உண்டு. ஒரு துளையைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டாம் என்பது பெரிய விஷயம். 1992இல் கிரியேட்டிவ், அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்ட முதல் சிங்கப்பூர் நிறுவனம் ஆனது.

அந்த அட்டையோடு சேர்ந்து வந்த டாக்டர் ஸ்பைட்ஸோதான் என் மனதில் நம் ஊரின் தலைசிறந்த கிறுக்கு மென்பொருள். நீலத் திரையில் வெள்ளை எழுத்து. உங்கள் பெயரைக் கேட்டு, எந்திரக் குரலில், நான் உங்களுக்கு உதவத்தான் இருக்கிறேன், மனதில் இருப்பதைச் சொல்லுங்கள் என்று மனநல மருத்துவர் மாதிரி பேசும். அட்டை பேசும் என்று காட்டுவதற்காகச் செய்த விளம்பரம் அது, அவ்வளவே. நாங்கள் அதை ஒரு விளையாட்டாக ஆக்கிவிட்டோம். மாமா வீட்டுக் கணினியில் தாத்தாவின் பெயரைத் தட்டினோம், கலியபெருமாள். டாக்டர் அதை ஐந்தாறு துண்டாக வெட்டி, எந்த மொழியிலும் இல்லாத ஒரு பெயராக்கி, அதே மரியாதையோடு நலம் விசாரித்தார். தாத்தா ஒரு கணம் மௌனமாக இருந்துவிட்டு, "சிக் ரிப்போர்ட்ல கூட என் பேர இவ்வளவு மோசமா எழுதுனதில்ல" என்றார். அவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர்.

அப்புறம் பெட்டி சுருங்கியது. 2000 வாக்கில் கணினி விளையாட்டுகளின் பெரிய அட்டைப்பெட்டிகள் டிவிடி அளவுக்கு வந்துவிட்டன, கடைக்காரர்களுக்கு அலமாரியில் இடம் மிச்சம். கையேடு இரண்டு தாள் ஆனது, பிறகு அதுவும் போயிற்று. எந்திரத்துக்கு எல்லாவற்றையும் தானே காட்டவும் சொல்லவும் திறமை வந்துவிட்ட பிறகு பெட்டிக்கு வேலை இல்லை. சரிதான். ஆனால் திறமை குறைந்த எந்திரத்துக்கு ஈடுகட்டத்தானே அந்த மாத்திரை உறையும் நனைக்கும் கடிதமும் வந்தன.

இப்போது பெட்டிக்கு வேறு விதத்தில் மவுசு. 2021 ஜூலையில், பிரிக்காத ஒரு சூப்பர் மாரியோ 64 பெட்டி 15.6 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. பிரிக்காமல் பிளாஸ்டிக் பேழைக்குள் அடைத்து மதிப்பெண் போட்டு வைக்கும் இந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கவே இல்லை. பிரிக்காத கடிதத்தை எப்படி நனைப்பது? இன்னொரு பக்கம், 2023இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் கணக்கெடுத்துப் பார்த்ததில், அமெரிக்காவில் 2010க்கு முன் வந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் காசு கொடுத்து வாங்க முடியாதவை. மாரியோ எப்படியும் பிழைத்துக்கொள்வார். போவதெல்லாம் பென்குயின் கல்யாணங்கள்.

நம் ஊரில் இதைச் சேர்த்துவைப்பதும் லேசில்லை. ஆண்டு முழுக்கக் காற்றில் ஈரப்பதம் சராசரி 80 விழுக்காட்டுக்கு மேல், அட்டை ஊதிப்போகும், பூஞ்சை பூக்கும், ராமபாணப் பூச்சி கையேட்டை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வரும். அதையும் தாண்டினால் மூன்றறை வீட்டில் இடம். அதையும் தாண்டினால் அம்மா. தேசிய சேவைக்குப் போயிருந்தபோது என்னிடம் அசலாக இருந்த நாலைந்து பெட்டிகளையும் கராங்குனிக்காரரிடம் பழைய செய்தித்தாளோடு எடைக்குப் போட்டுவிட்டார். வட்டுகளைப் பத்திரமாக எடுத்துவைத்திருந்தார், பாவம். "சாமான் எல்லாம் இருக்குப்பா, அட்டைதான் போட்டேன்."

ஃபேலங்க்ஸ் பெட்டி மட்டும் இப்போது புத்தக அலமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு, நிற்கிறது. போன ஆண்டு வெறும் கேசட் தனியாகக் கிடைத்தது, நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய சூப்பர் நின்டெண்டோவில் மாட்டினேன். மகளுக்கு ஒன்பது வயது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சுட்டுத்தள்ளினாள், இரண்டு முறை செத்தாள், மூன்றாவது முறை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்து, "அப்பா, இந்தத் தாத்தா எப்ப வருவாரு?" என்றாள்.

அடுத்த கட்டத்தில் பார் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.